எஞ்சின் மாறினால் பல்லையும் எண்ண வேண்டும்

புதுச்சேரியில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதலில் வரும் கேள்வி, "என்ன எஞ்சின் போட்டிருக்கீங்க?" என்பதுதான். பியூஜோ, மெட்டடார், எம்.டி.ஐ., டர்போ என்று பதில்கள் வரும். எத்தனை குதிரைத்திறன், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது, பிக்கப் எப்படி என்று பேச்சு நீளும். "கிரவுன் பினியன் என்ன?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எஞ்சின் மாற்றிய பழைய வண்டிகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் ஒன்று உண்டு. வண்டி நன்றாக இழுக்கிறது, ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி எழுபதைத் தொட்டதும் எஞ்சின் கதற ஆரம்பிக்கிறது, அதற்கு மேல் போவதில்லை. உடனே பம்ப்பைப் பார், நாசிலைப் பார், டர்போ வைக்கலாமா என்று செலவு தொடங்கிவிடும். பல வண்டிகளில் எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. அது யாருக்காகச் செய்யப்பட்ட ஆக்ஸிலோடு வாழ்கிறது என்பதில்தான் கோளாறு.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் வேர் எரிபொருள் விலை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்த அந்தப் பல ஆண்டுகளில், பெட்ரோல் ஜீப்பையும் அம்பாசிடரையும் டீசலுக்கு மாற்றுவது தென்னிந்தியப் பட்டறைகளின் அன்றாட வேலையாக இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபின் அந்த அவசரம் தணிந்தது. ஆனால் அப்போது மாற்றிய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பழைய ஜீப்பை ஆசையாக வாங்கிப் புது எஞ்சின் போடும் இளைஞர்களும் பெருகிவிட்டார்கள்.

கியர் செய்வது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடப்பாரையால் பாறையை நெம்பும்போது கை ஒரு முழம் இறங்கினால் பாறை ஒரு விரற்கடைதான் எழும்பும். தூரத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறோம். கியரும் சுழற்சியைக் கொடுத்து முறுக்குவிசையை வாங்குகிறது. ஆனால் முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் திறன், அதாவது நாம் குதிரைத்திறன் என்று சொல்வது. அந்தப் பெருக்குத்தொகையைக் கியரால் கூட்ட முடியாது. உராய்வில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆக, எந்த எஞ்சினாக இருந்தாலும் அதற்குப் பிடித்தமான சுழல்வேகத்தில் அதை ஓடவிட்டு, சக்கரத்துக்குத் தேவையான வேகத்தில் சக்கரத்தைச் சுழல வைப்பதுதான் கியரின் ஒரே கடமை. எஞ்சினுக்குப் பிடித்த சுற்று மாறினால் கியர் விகிதமும் மாறியே ஆக வேண்டும்.

அந்த மாற்றத்தைக் கியர்பாக்ஸில் தேடாமல் பின் ஆக்ஸிலில் ஏன் தேட வேண்டும்? இதற்குப் பதில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருக்கிறது. பாரிசில் லூயி ரெனோ என்ற இளைஞர், தன்னிடமிருந்த மூன்று சக்கர தெ தியோன் வண்டியை 1898இல் நான்கு சக்கர வண்டியாக மாற்றிக் கட்டினார். அந்த ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி மோன்மார்த்ர் குன்றில் செங்குத்தாக ஏறும் லெபிக் தெருவில் அதை ஓட்டிக் காட்டினார். அவர் கியர்பாக்ஸில் செய்த புதுமைக்கு 1899இல் காப்புரிமை பெற்றார். டாப் கியரில் எஞ்சினிலிருந்து வரும் தண்டும் சக்கரத்துக்குப் போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் எந்தப் பல்லும் சுமை தாங்காது. விகிதம் சரியாக ஒன்றுக்கு ஒன்று. சத்தம் குறைவு, இழப்பு குறைவு, தேய்மானம் குறைவு. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் உலகின் பெரும்பாலான கார்களும் லாரிகளும் இந்த வழியையே பின்பற்றின. பழைய பட்டறை வண்டிகளைப் பற்றிய இந்தக் கதை, ஒருவர் தன் பழைய வண்டியை மாற்றிக் கட்டியதில் தொடங்கியிருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இந்த நேரடிப் பூட்டின் விளைவை இங்கே கவனிக்க வேண்டும். டாப் கியரில் கியர்பாக்ஸ் ஒன்றையும் குறைப்பதில்லை. நிமிடத்துக்கு 4000 சுற்று சுழலும் எஞ்சினை ஏறத்தாழ 750 சுற்று சுழலும் சக்கரமாகக் குறைக்கும் முழு வேலையும் பின் ஆக்ஸிலின் கிரவுன் வீல், பினியன் ஆகிய இரண்டு பற்சக்கரங்களின் தலையில் விழுகிறது. வண்டி நெடுஞ்சாலையில் எந்தச் சுற்றில் எந்த வேகம் போகும் என்பதை அவற்றின் பல் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது.

மஹிந்திரா தயாரித்த சி.ஜே.-3பி ஜீப்பை எடுத்துக்கொள்வோம். வில்லிஸ் நிறுவனத்தின் ஹரிக்கேன் என்ற 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். உச்சத் திறனை 4000 சுற்றில் தரும். ஆக்ஸிலில் பினியனுக்கு 8 பல், கிரவுன் வீலுக்கு 43 பல், விகிதம் 5.38. பதினாறு அங்குல டயர் ஒருமுறை உருண்டால் ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். நாலாயிரத்தை 5.38ஆல் வகுத்து, 2.2ஆல் பெருக்கி, அறுபதால் பெருக்கினால் மணிக்கு 98 கிலோமீட்டர் வருகிறது. எஞ்சினும் ஆக்ஸிலும் ஒன்றை ஒன்று பார்த்துச் செய்யப்பட்டவை என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரியும்.

இப்போது அந்த எஞ்சினைத் தூக்கிவிட்டு, 3200 சுற்றோடு நின்றுவிடும் ஒரு டீசல் எஞ்சினை வைத்துப் பாருங்கள். ஆக்ஸில் அதேதான். 78 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் தன் எல்லையைத் தொட்டுவிடும். கதறலுக்குக் காரணம் இதுதான். எழுபதில் போகும்போதே அது தன் எல்லையில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிட்டது. பழைய எஞ்சின் அதே எழுபதில் சுமார் 2850 சுற்றில், முக்கால் பங்குக்கும் குறைவான உழைப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

தீர்வு கணக்கிலேயே இருக்கிறது. சுற்று 4000த்திலிருந்து 3200ஆகக் குறைந்தால் ஆக்ஸில் விகிதமும் அதே பங்கில் குறைய வேண்டும்: 5.38ஐ 3200ஆல் பெருக்கி 4000த்தால் வகுத்தால் 4.30. இந்தக் குடும்பத்து ஆக்ஸில்களில் கிடைக்கும் விகிதங்களில் 11க்கு 47 பல் கொண்ட 4.27 இதற்கு மிக அருகில் இருக்கிறது. அதைப் பூட்டினால் 3200 சுற்றில் மணிக்கு 99 கிலோமீட்டர். வண்டி பழையபடி மூச்சுவிடும். நடுவில் 8க்கு 39 பல் கொண்ட 4.88 ஒன்றும் உண்டு. அது 87 கொடுக்கும். ஊருக்குள்ளும் வெளியிலும் சம அளவில் ஓட்டுகிறவருக்கு அது போதும் என்பேன்.

டீசல் எஞ்சின் ஏன் குறைந்த சுற்றில் நின்றுவிடுகிறது? அதில் பொறிப்பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு மடங்கு, இருபது மடங்கு அமுக்கிச் சூடாக்கி, அதற்குள் எரிபொருளைப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சிய டீசல் காற்றோடு கலந்து எரிய நேரம் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கனமானவை. கனமானதை வேகமாக மேலும் கீழும் ஆட்டினால் அவை தம்மைத் தாமே பிய்த்துக்கொள்ளும். அதனால் எரிபொருள் பம்ப்பில் கவர்னர் என்ற காவல்காரன் இருக்கிறான். குறித்த சுற்றைத் தாண்டினால் டீசலை வெட்டிவிடுவான். வேகம் போதவில்லை என்று பம்ப்பின் சீலை உடைத்துக் கவர்னரைத் தளர்த்துவது சில இடங்களில் நடக்கிறது. பல்லை மாற்ற வேண்டிய இடத்தில் எஞ்சினின் உயிரை எடுக்கும் வேலை அது. எந்த மெக்கானிக் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எல்லா டீசலும் ஒன்றல்ல. ஜீப்புக்கு மஹிந்திரா தேர்ந்தெடுத்த பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 என்ற பிரெஞ்சு டீசல் 2112 சி.சி. கொண்டது, 62 குதிரைத்திறனை 4500 சுற்றில் தரும். எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சாமல், தலைப்பகுதியில் உள்ள சின்ன சுழல் அறைக்குள் பீய்ச்சுவார்கள். அங்கே காற்று சூறாவளியாகச் சுழல்வதால் கலப்பு சட்டென்று நடந்துவிடும், எஞ்சின் வேகமாகச் சுழல முடியும். கணக்குப்படி, 5.38 ஆக்ஸிலோடு இதைப் பூட்டினாலும் பெட்ரோல் எஞ்சினுக்குக் குறையாத சாலைவேகம் வரும். அதன்பின் வந்த எம்.டி.ஐ. வகை, 2523 சி.சி. நேரடிப் பீய்ச்சு எஞ்சின். டிராக்டர் எஞ்சின்களின் வழியில் வந்தது. அடிச்சுற்றில் நல்ல இழுவை, டீசல் சிக்கனம், ஆனால் 3200 சுற்றோடு சரி. பியூஜோ இருந்த வண்டியில் ஆக்ஸிலைத் தொடாமல் எம்.டி.ஐ. வைத்தாலும் அதே கதறல்தான். டீசலுக்குப் பதில் டீசல்தானே என்ற எண்ணம் இங்கே ஏமாற்றும்.

உங்கள் வண்டியில் இருப்பது என்ன விகிதம் என்று தெரியவில்லையா? ஆக்ஸிலைப் பிரிக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்துப் பட்டறைகளில் இதைச் செய்யும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு முறையிலேயே விளங்கிவிடும். முன் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குகிறார்கள். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. ஒருவர் தூக்கிய சக்கரத்தை மெதுவாகச் சரியாக இரண்டு சுற்று சுற்றுகிறார். இன்னொருவர் அடியில் படுத்து ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுகிறார். ஐந்து சுற்றும் மூன்றில் ஒன்றுக்குச் சற்றே கூடுதலும் வந்தால் 5.38; நாலே கால் வந்தால் 4.27. ஏன் இரண்டு சுற்று? தரையிலுள்ள சக்கரம் அசையாதபோது டிஃபரன்ஷியல், தூக்கிய சக்கரத்தின் சுழற்சியில் பாதியைத்தான் கிரவுன் வீலுக்குத் தருகிறது. சக்கரம் இரண்டு சுற்று போனால்தான் கிரவுன் வீல் ஒரு சுற்று போகும். இது தெரியாதவர்கள் ஒரே சுற்றில் எண்ணி, விகிதம் 2.69 என்று முடிவுகட்டி, கிடைக்காத பினியனைத் தேடி அலைவார்கள்.

ஆக்ஸில் மாற்றுவதோடு இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நான்கு சக்கர ஓட்டம் உள்ள ஜீப் என்றால் முன் ஆக்ஸிலுக்கும் அதே விகிதம் வேண்டும். பின்னால் 4.27, முன்னால் 5.38 என்று விட்டுவிட்டு ஒருநாள் மணலில் சிக்கியதும் நாலு சக்கரத்தையும் பூட்டினால், முன் சக்கரங்கள் ஒரு வேகமும் பின் சக்கரங்கள் ஒரு வேகமும் போகத் துடிக்கும். மணல் கொஞ்சம் வழுக்கி மன்னிக்கும். தார்ச்சாலை மன்னிக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸோ கிராஸ் ஜாயின்ட்டோ உடையும். அடுத்தது ஸ்பீடோமீட்டர். அதன் கேபிள் ஆக்ஸிலுக்கு முன்னாலேயே, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து கிளம்புகிறது. ஆக்ஸில் மாறியது அதற்குத் தெரியாது. முள் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 100இல் போய்க்கொண்டிருக்கும். ஜீப்பின் அந்தக் காலத்து டிரம் பிரேக்கை நம்பி, வேகம் தெரியாமல் நூறில் போவது எவ்வளவு ஆபத்து என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்பீடோமீட்டர் பினியனையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

ஆக்ஸிலைத் தொட விருப்பமில்லாதவர்களுக்கு ஐந்து கியர் பாக்ஸ் என்ற இன்னொரு வழி இருக்கிறது. ஐந்தாவது கியரின் விகிதம் ஒன்றுக்குக் கீழே, 0.8 என்ற அளவில் இருக்கும். 5.38ஐ 0.8ஆல் பெருக்கினால் 4.30, நாம் தேடிய அதே எண். எஞ்சின் 3200 சுற்று போகும்போது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 4000 சுற்று போகும். அது பெட்ரோல் எஞ்சின் காலத்தில் அந்த ஷாஃப்ட் பழகிய வேகம்தான், பயமில்லை. முதல் கியரின் இழுவையும் குறையாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர் ஆக்ஸிலை 4.27 ஆக்கினால், ஒவ்வொரு கியரிலும் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பார். அவருக்கு ஐந்து கியர்தான் நல்லது. கடலூர் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையுமே உலகம் என்று கடல்மட்டத்தில் ஓட்டும் புதுச்சேரிக்காரருக்கு ஆக்ஸில் மாற்றம் எளிது, செலவும் குறைவு. பழைய ஊரின் கட்டம் போட்ட தெருக்களுக்குள்ளேயே சுற்றுகிற வண்டியா? இரண்டையும் செய்யாதீர்கள்; 5.38 அங்கே சுகமான விகிதம்.

இதுவரை சொன்னது பலம் குறைந்த, சுற்றுக் குறைந்த எஞ்சின்களைப் பற்றி. இப்போதைய மோகம் வேறு. இக்கால எஸ்.யு.வி.களின் காமன் ரெயில் டர்போ டீசலைப் பழைய ஜீப்பில் இறக்குகிறார்கள். ஹரிக்கேன் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 155 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 2.8, ஆக்ஸில் 5.38, சக்கரத்தண்டுக்கு வருவது சுமார் 2330 நியூட்டன் மீட்டர். பின் ஆக்ஸில்மேல் 800 கிலோ எடை இருந்தால், உலர்ந்த சாலையில் டயர் வழுக்காமல் தாங்கக்கூடியது 2100, 2200 அளவில் வரும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் கியரில் முழு இழுவை கொடுத்தால் டயர் வழுக்கும் விளிம்பில் நிற்கும். அதற்குமேல் விசை போய் எதையும் உடைக்காது. டயரின் பிடிதான் அங்கே ஃபியூஸ் கம்பி.

280 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினைப் பூட்டினால் அதே கணக்கு 4200 என்று வரும். டயர் வழுக்கிவிட்டால் ஆக்ஸில் தப்பும். எடை ஏற்றிய வண்டியாக, அகல டயராக, சக்கரம் பாறையில் மாட்டிக்கொண்டதாக இருந்தால் அரைத்தண்டு முறியும். கியர்பாக்ஸுக்கோ எந்த ஃபியூஸும் இல்லை. எஞ்சினின் முறுக்குவிசை முதலில் வந்து இடிப்பது அதன் உள்தண்டிலும், டாப் தவிர்த்த மற்றக் கியர்களில் கவுண்டர் ஷாஃப்டின் பற்களிலும்தான். பழைய மூன்று கியர் பாக்ஸ், தான் தாங்கச் செய்யப்பட்டதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையை நெடுநாள் தாங்காது. பலமான எஞ்சின் எடுக்கிறவர் அதன் கூடவே வந்த கியர்பாக்ஸையும் எடுத்தாக வேண்டும். இல்லையேல் அந்த எஞ்சின் வேண்டாம்.

எஞ்சினும் பாக்ஸும் வெவ்வேறு குடும்பமாக இருந்தால் நடுவில் அடாப்டர் பிளேட் வேண்டும். லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். இங்கே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டுதான் பேச்சு. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் உள்தண்டின் மையமும் அதற்குமேல் விலகினால், ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தண்டு சிறிதளவு வளைந்து நிமிரும். நிமிடத்துக்கு மூவாயிரம் முறை. முதலில் பிளைவீல் நடுவிலுள்ள ஸ்பிகாட் பேரிங் சத்தம் போடும், பிறகு கிளட்ச் உதறும், டாப் கியர் தானாக நழுவும். போல்ட்டை முறுக்கிப் பூட்டிய பிறகு டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்காத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

கியரால் முடியாததையும் சொல்ல வேண்டும். சென்னைத் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலை, புல்லட்டில் கிரீவ்ஸ் லொம்பார்தினி 325 சி.சி. டீசலைப் பூட்டி டாரஸ் என்று விற்றது. பெட்ரோல் புல்லட்டுக்கு 18 குதிரைத்திறன், இதற்கு 6.5. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் வேகம் வரும் என்று முயன்றவர்கள் உண்டு. காற்றைக் கிழிக்கத் தேவையான திறன், வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. 6.5 குதிரைத்திறன் அறுபத்தைந்து கிலோமீட்டர் அளவிலேயே தீர்ந்துவிடுகிறது. பல்லைக் கூட்டினால் சுற்று குறைந்து, இருக்கிற திறனும் கிடைக்காமல் வண்டி இன்னும் மெதுவாகப் போகும். டாரஸின் பெருமை வேறு இடத்தில் இருந்தது: லிட்டருக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் புல்லட் வேறேது?

தொழிற்சாலைகள் இந்தப் பாடத்தை அறிந்தே நடந்தன. சென்னை சிம்சன் நிறுவனம் 1950களில் தயாரிக்கத் தொடங்கிய பெர்கின்ஸ் பி6 டீசல், பெட்ரோல் லாரிகளில் மாற்று எஞ்சினாக ஏறிய காலத்தில், 2400 சுற்றோடு நிற்கும் அந்த எஞ்சினுக்கு ஆக்ஸில் விகிதம் முக்கியமான கேள்வியாக இருந்தது. 1990களில் அம்பாசிடருக்கு இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது, இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்தே கொண்டுவந்தது. எஞ்சினை மட்டும் மாற்றிப் பழைய நாலு கியரோடு அனுப்பவில்லை.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எரிபொருள் மாற்றம் போன்றவற்றுக்கு விதிகளுக்கு உட்பட்டு இடம் உண்டு. பதிவு அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் கேள்விக்குறியாகும்.

ஆகவே எஞ்சின் வாங்கக் கிளம்பும் முன், ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்: பழைய எஞ்சினின் உச்சச் சுற்று, புதியதன் உச்சச் சுற்று, ஆக்ஸிலின் இப்போதைய விகிதம், நீங்கள் வழக்கமாகப் போகும் வேகம். வகுத்துப் பாருங்கள். கணக்கு ஒத்துவந்தால் போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேளுங்கள். அனுமதி கையில் வந்த பிறகு பட்டறைக்குப் போங்கள்.